சிவப்புப் புள்ளி வைத்த செல்கள்

காலை ஆறு மணி. எழுந்தான். பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். ரேடியோ பேசவில்லை. பின்மூடியைத் திறந்து இரண்டு செல்களையும் மாற்றினான். பழையதிலும் புதியதிலும் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. மனைவியின் வேலை. வீட்டுக்கு வரும் எந்த செல்லும் அவளிடம் தப்பாது. ஒரு ஜோடிக்கு ஒற்றைப் புள்ளி, அடுத்த ஜோடிக்கு இரட்டை. தீர்ந்த செல்லும் புதுசும் கலந்தால் இரண்டும் வீண் என்பாள். பழைய ஜோடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

பத்து மணி. மலையேற்ற நிறுவனத்தின் அலுவலகம். மேஜைக்குப் பின்னால் உரிமையாளர். சுவரோரம் முதுகுப்பையோடு இளம் வழிகாட்டி. ஜன்னலருகே பெண் இன்ஸ்பெக்டர். மேஜை மேல், குளிரில் விறைத்துப்போன மனைவியின் கையிலிருந்து எடுத்த ஜிபிஎஸ்.

"தம்பி, டச் ஸ்கிரீன் வாங்குங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டோம்," என்றார் உரிமையாளர். "அவங்க கேக்கல. பட்டன் வெச்சது, செல் போடுறது. குளிர்ல செத்துப்போச்சு. மூடுபனியில வழி தவறிட்டாங்க. தப்பான மெஷினை வாங்கிட்டேன்னு வாக்கிடாக்கில அவங்களே சொல்லியிருக்காங்க, இவன் கேட்டிருக்கான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா மேடம் ஃபைலை மூடிடுவாங்க."

"போட மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க."

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அந்தக் கருவிக்காக அவள் மூன்று கடை ஏறி இறங்கினாள். தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். டச் ஸ்கிரீன் அவளை மதிக்கவில்லை. பட்டன் மதித்தது. உள்ளேயே அடைத்த பேட்டரி தீர்ந்தால் மலையில் எங்கே சார்ஜ் போடுவது? செல் என்றால் மாற்றலாம். அதிலும் குளிர் தாங்கும் லித்தியம் செல்தான். "மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறீங்களே மேடம்," என்றான் கடைக்காரன். அவள் கணவனைக் காட்டினாள். "இவரைக்கூட இவ்வளவு பாக்கல."

அவன் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான். "எங்க கிடந்தா?"

"நடைபாதை ஓரத்துலயே. ஒரு பாறைக்கடியில உக்காந்த மாதிரி."

"வழி தவறினவ அலைவா மேடம். இவ உக்காந்திருக்கா."

இன்ஸ்பெக்டர் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். அவன் ஜிபிஎஸ்ஸின் பின்மூடியைத் திறந்தான். இரண்டு சாதாரண செல்கள். புள்ளி இல்லை.

வழிகாட்டியிடம் கேட்டான். "உங்களோடது என்ன மாடல்?"

"அதேதான் சார். கம்பெனி குடுத்தது."

உரிமையாளர் இருமினார்.

"அவளோடதைத் தொட்டீங்களா?"

"அக்கா மெஷினை நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"இறங்கி வந்தப்புறம் உங்களோடதுல செல் மாத்தினீங்களா?"

"ஆன் பண்ணவே இல்ல சார். மனசே வரல. பையில அப்படியே கெடக்கு."

"எடுங்க."

வழிகாட்டி அசையவில்லை.

"எடுப்பா," என்றார் இன்ஸ்பெக்டர்.

மூடி திறந்தது. இரண்டு லித்தியம் செல்கள். ஒவ்வொன்றிலும் இரட்டைச் சிவப்புப் புள்ளி. அவன் ரேடியோவின் பழைய செல்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே சிவப்பு.

"எங்க வீட்டு செல் இவர் மெஷின்ல இருக்கு. இவரோடது என் மனைவி மெஷின்ல செத்துக் கெடக்கு. அவ சரியாத்தான் வாங்கினா. இவர்தான் மாத்தினார்."

வழிகாட்டி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "கடைசி முகாம்ல என்னோடது தீர்ற நிலைமை. ஸ்பேர் எடுத்துட்டு வரல. கேட்டா எல்லார் முன்னாடியும் மானம் போயிடும். அக்கா தூங்கினப்ப மாத்திட்டேன். கொஞ்ச தூரந்தானே, தாங்கும்னு நெனச்சேன்."

"அவளைத் தனியா முன்னாடி அனுப்பினது யாரு?"

"நான்தான். அடுத்துத் தங்குற குடிலைப் போய்த் திறந்து வைங்க, பை வேண்டாம்னு சொன்னேன்."

"அவ ஸ்பேர் செல் அந்தப் பையில."

"ஆமா சார்."

உரிமையாளர் கையெழுத்துக்காக வைத்திருந்த தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். அவன் அதன் மேல் கையை வைத்தான். "இது இங்கயே இருக்கட்டும். மேடம் படிக்கட்டும்."

பிறகு வழிகாட்டியிடம் குனிந்தான். "வாக்கிடாக்கில அவ என்ன சொன்னா? நிஜமா சொன்னது."

வழிகாட்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தம்பி, இது என் செல் இல்லப்பா. புள்ளியைக் காணோம். சரி, நான் பாதையை விட்டு நகரல, இங்கயே உக்காந்திருக்கேன். நீ வா."