சார்ஜ் ஏறுகிறது

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று யூபிஎஸ் காட்டியது. ஆனால் மாமியாரின் மூச்சு மெஷின் நிற்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துபோயிருந்த மருமகள் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள். மத்தியானம்தான், ஆனால் வெளியே கொட்டிய மழையில் அறை அந்தி போல இருண்டு கிடக்க, ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் மருந்து நெடியும் கலந்து மூக்கில் ஏறின. கட்டிலோரம் தரையில் இருந்த யூபிஎஸ்ஸின் சின்னத் திரை மட்டும் நீலமாக எரிந்தது. பேட்டரிப் படத்துக்குள் ஒரு கோடுகூட இல்லை. பக்கத்தில் பூஜ்யம். அப்படியிருந்தும் மெஷின் புஸ்ஸென்று காற்றை ஊதி, மாமியாரின் முகத்தில் கட்டியிருந்த மாஸ்க்கைப் புடைக்கவைத்து, ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். பிறகுதான் உறைத்தது. கரண்ட் போய் எவ்வளவு நேரமாயிற்று? தூங்கித் தொலைத்ததில் அதுவே தெரியவில்லை.

யூபிஎஸ்ஸை வைத்துக்கொடுத்த மெக்கானிக் பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். விட்டு விட்டுக் கத்தினால் கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடுகிறது. படபடவென்று கத்தினால் பேட்டரி தீரப்போகிறது. நிறுத்தாமல் ஊளையிட்டால் தாங்கமுடியாத லோடு, எதையாவது கழற்று. பாடம் அவ்வளவுதான். ஆனால் மாமியாருக்கு அந்தச் சத்தம் ஆகாது. கரண்ட் போகும்போதெல்லாம் மாஸ்க்கை லேசாகத் தூக்கிக்கொண்டு, "அந்தச் சனியன் வாயை அடைம்மா, காதுக்குள்ள குடையுது" என்று கெஞ்சுவாள். மருமகளும் பட்டனை அழுத்தி அதன் வாயை அடைத்துவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணசந்தால் கதை கந்தலாகிவிடும் என்று தெரியாதவளா அவள்? ராத்திரி முழுக்க மாமியாருக்கு இருமல். அவள் கண் என்ன இரும்பிலா செய்தது?

போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பேட்டரி ஜீரோன்னு காட்டுது. ஆனா மெஷின் ஓடிட்டுதான் இருக்கு."

"அப்படி இருக்காதேக்கா. ஜீரோன்னா பொட்டுனு நின்னுடும். கரண்ட் வந்திருக்கும், நல்லா பாருங்க."

சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. ஃபேன் செத்ததுபோல் தொங்கியது.

"வரலண்ணே. ஐயோ, இருங்க... சார்ஜ் ஏறுது. நாலு காட்டுது."

"கரண்ட் இல்லாம எங்கிருந்துக்கா ஏறும்?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது.

போன் கையிலேயே செத்துப்போனது. காலையில் முழுசாக சார்ஜ் போட்டு வைத்த போன். எவ்வளவு அழுத்தியும் கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. கீழே திரையில் எண் ஒன்பதுக்குப் போயிருந்தது.

அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்துக் கட்டிலடியில் அடித்தாள். வேறு வயர் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது ஒரே வயர், மெஷினுடையது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. எண் ஏறியது. சுவரில் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றது. எண் ஏறியது. டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி தொப்பென்று அவள் காலடியில் விழுந்தது. துடிக்கக்கூட இல்லை.

எண் ஏறியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் வாசலைப் பார்த்து ஓடினாள்.

கூடத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் மெஷின் திக்கியது. புஸ்... பு... நின்று, மறுபடி இழுத்தது. திரும்பிப் பார்த்தாள். எண் மளமளவென்று சரிந்துகொண்டிருந்தது. மாமியாரின் நெஞ்சு எக்கி எக்கி அடங்கியது. உதடு நீலம். கை காற்றில் எதையோ தேடியது. அவளைத்தான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளைத் திட்டித் தீர்த்தவளும் இந்த மனுஷிதான், அவள் பக்கம் நின்று சொந்த மகனையே திட்டித் தீர்த்தவளும் இந்த மனுஷிதான். எப்படி விட்டுவிட்டுப் போவது? கண்ணசந்தது யார்? வாயை அடைத்தது யார்?

"அத்தை, வந்துட்டேன். பயப்படாதீங்க, வந்துட்டேன்."

ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் சீராக ஊதியது. மாமியாரின் உதட்டில் ரத்தம் திரும்பியது. பாவம், அந்தக் கண்ணில் நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

முழங்கால் விட்டுப்போனது. நாற்காலியில் சரிந்தாள். விரல்நுனி மரத்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு தோள். மழைச் சத்தம் எங்கோ தள்ளிப்போனது. குளிர். உள்ளே, எலும்புக்குள்ளே. திரை மட்டும் தெரிந்தது. ஐம்பது. எழுபது. கோடுகள் ஒவ்வொன்றாக நிரம்பின.

எழுந்துவிடலாம். முடியவில்லை.

கையை உருவிக்கொள்ளலாம். முடியவில்லை.

தொண்ணூறில் எண் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. அவளிடம் இனி எடுக்க எதுவுமில்லை.

வாசல் கதவு தடாலென்று திறந்தது. ஈரச் செருப்பு சரக் சரக்கென்று கூடத்தில் நடந்தது. கணவன்.

"மெக்கானிக் போன் பண்ணான். அடிச்சுப் பிடிச்சு ஓடிவந்தேன். அம்மா நல்லா இருக்காங்கல்ல?"

வராதே. உள்ளே வராதே.

நாக்கு அசையவில்லை. உதடு அசையவில்லை. பாதி மூடிய இமை வழியாகப் பார்க்க மட்டும் முடிந்தது.

அவன் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். "அப்பாடா" என்றான். பிறகு நாற்காலியில் கிடந்தவளைப் பார்த்தான், முகம் இளகியது.

"அசந்துட்டியா? தூங்கு, தூங்கு. இனிமே நான் பாத்துக்கறேன்."

கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

இறங்கிக்கொண்டிருந்த எண் நின்றது. பிறகு ஏறியது.