வெளியே மழையா?

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. ஜன்னல் பக்கம் வேண்டாம், சாரல் அடிக்கிறது. இப்படி என் பக்கமா... ஆங். இன்றைக்கு நம்ம ஊரில், இதே நியூயார்க்கில் நடந்த கதை ஒன்று சொல்லப் போகிறேன். ஒரு கேள்வியில் ஆரம்பித்து, அதற்குப் பதில் கிடைக்கிற இடத்தில் முடிகிற கதை. நடுவில் கண் கலங்கினால் கலங்கட்டும். எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டுதான் போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

கிழக்கு நாலாம் தெருவில், செருப்புத் தைக்கும் கடைக்குக் கீழே, செங்குத்தான படியில் இறங்கினால் ஒரு நிலவறை. அதுதான் அரங்கம். நூறு பேர் உட்கார்ந்தால் அப்புறம் மூச்சு விட இடமில்லை. தெருவிலிருந்து இறங்கி வரும் கதவு நேராக மேடையிலேயே திறக்கும். வேறு வழி கிடையாது. தாமதமாக வருகிறவர்கள் நடிகர்களுக்கு நடுவே நடந்துதான் தங்கள் நாற்காலிக்குப் போக வேண்டும்.

வேறு யாராவது என்றால் கதவைப் பூட்டியிருப்பார்கள். ஓட்டிஸ் பூட்டவில்லை. நாடகத்தை எழுதியவர், இயக்கியவர், வாசலில் டிக்கெட் கிழிப்பவர் எல்லாம் அவர்தான். கதவுக்குத் தகுந்த மாதிரி நாடகத்தையே எழுதிவிட்டார் மனுஷர்! மழை நாள், ஒரு சலவைக்கடை. கோபித்துக்கொண்டு போன தம்பிக்காகக் கடைக்காரி காத்திருக்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் தம்பியோ என்று நிமிர்வாள். "வெளியே மழையா?" என்று கேட்டு, வந்தவருக்கு ஒரு வெள்ளைத் துண்டை வீசுவாள். வந்தவர் நடிகரானாலும் சரி, லேட்டாக வந்த பார்வையாளரானாலும் சரி, அதே கேள்வி, அதே துண்டு. பார்வையாளர் பதில் பேசாமல் துண்டோடு போய் உட்கார வேண்டும். அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

கடைசியில் கடையை மூடும் நேரம் வரும். கதவு திறக்காது. திறக்காத அந்தக் கதவைப் பார்த்து அதே கேள்வியை வெறும் மூச்சால் கேட்பாள் அவள். விளக்கு அணையும். கைதட்ட மறந்து உட்கார்ந்திருப்பார்கள் ஜனங்கள்.

அந்தக் கடைக்காரிதான் நம்ம டெலியா. டெலியா மொராலெஸ், பிராங்க்ஸ் பேட்டைப் பெண். பகலில் ஹோட்டலில் தட்டு தூக்குவாள், சாயங்காலம் மேடையில் துணி மடிப்பாள். அந்தக் கண்களைப் பற்றி என்ன சொல்ல... மழைக்கு முன்னால் ஹட்சன் ஆற்றின் மேல் ஒரு கருமை இறங்குமே, அந்த நிறம். பார்த்தால் குடை தேடத் தோன்றும்.

மார்ச் மாதத்து மழை ஒரு நாள் கொட்டித் தீர்த்தது. நாடகம் பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட ஒருவன் நின்றான். உயரமான பையன், மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.

"வெளியே மழையா?"

துண்டு அவன் மார்பில் வந்து விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான் அவன். பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். வழக்கம் தெரியாத ஆள்! பதில் சொல்வதா, போவதா, எங்கே போவது... ஒன்றும் புரியாமல், எதிரே தெரிந்த கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான்.

அது கதவு இல்லை. சலவைத் துணி மாட்டியிருக்கும் அலமாரி.

பார்வையாளர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டெலியா அசையவில்லை. அடுத்த காட்சியில் அலமாரியைத் திறந்து சட்டை எடுக்க வேண்டும். திறந்தாள். சட்டைகளுக்கு நடுவே, துண்டைக் கட்டிப் பிடித்தபடி அவன். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், அவன் தோளில் விழுந்திருந்த நீலச் சட்டையை மெல்ல உருவினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது இன்னும் காயல" என்று சொல்லி அலமாரியை மறுபடி சாத்தினாள்.

அரங்கம் அதிர்ந்தது. இருட்டுக்குள் நின்ற அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பலகை இடுக்கு வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சட்டையை மடிப்பதற்கு இவ்வளவு அழகு உண்டா? உள்ளே ஒரு ஆள் தூங்குவது போல, சட்டையின் கையைப் பதமாக எடுத்து அதன் நெஞ்சின் மேல் வைத்து மடித்தாள்... ஒரு வார்த்தை பேசாமலே அந்தத் தம்பி எப்படி இருப்பான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நாடகம் முடிந்ததும் அவளே வந்து அலமாரியைத் திறந்தாள்.

"வெளிய வாங்க சார். வாடகை தரீங்களா, இல்ல இங்கயே குடும்பம் நடத்துறதா உத்தேசமா?"

"மன்னிச்சுக்கங்க... கதவுன்னு நெனச்சேன்."

"ஆமா, கதவுக்குள்ள ஹேங்கர் மாட்டி வச்சிருப்பாங்க! உங்க பேரு?"

"ஃபீலிக்ஸ்."

"இல்ல. இனிமே உங்க பேரு அலமாரி."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது. இன்னொரு பக்கம் எங்கே போச்சு என்று டெலியா தேடினாள். தேடியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம் அவன் அடிக்கடி வந்தான். வேண்டுமென்றே லேட்டாக வந்தான். கேள்வியும் துண்டும் வேண்டுமே! நாடகம் முடிந்ததும் மூலைக் கடையில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் பீட்ரூட் சூப்பும். அவள் ஊர்க்கதை பேசுவாள், அவன் கேட்பான்.

"எங்கம்மா இன்னும் இந்த நாடகத்தைப் பார்த்ததே இல்ல, தெரியுமா அலமாரி?"

"ஏன்?"

"முழங்கால் வலி. அந்தப் படியில எறங்கவே முடியாது. மேலே நடைபாதையில நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைதட்டுற சத்தத்த மட்டும் கேட்டுட்டுப் போச்சு ஒரு நாள். பெரிய அரங்கத்துக்கு நாங்க மாறினோம்னு வைங்க... சரிவுப் பாதை இருக்கும், தள்ளுநாற்காலி இருக்கும். முதல் வரிசையில உட்கார வைப்பேன் எங்கம்மாவ."

அவன் சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தான். சாப்பிடவில்லை. ஏன் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

தெரிந்த நாள் ஒரு வியாழக்கிழமை. ஓட்டிஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"டெலியா, பிராட்வேல மெரிடியன் அரங்கம் இருக்குல்ல? அதோட சொந்தக்காரம்மா மிசஸ் ப்ளூம்ஃபீல்ட் நம்ம நாடகத்தை அங்க கொண்டு போகலாமான்னு யோசிச்சிருக்காங்க."

"அய்யோ! நெசமாவா?"

"இரு... வேண்டாம்னு முடிவாகப் போவுது. அந்தம்மாவுக்காக நாடகம் பார்த்து யோசனை சொல்ற ஆள் ஒருத்தர் இருக்காராம். அவர் சரின்னா சரி. 'அருமையான நாடகம், ஆனா இடத்த மாத்தாதீங்க'ன்னு சொல்லிட்டாராம்."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"ஹார்கின்ஸ்னு பேரு. ஃபீலிக்ஸ் ஹார்கின்ஸ்."

டெலியா கையிலிருந்த சட்டை மடியாமலே நழுவியது.

அன்றைக்கும் கதவு திறந்தது. நனைந்த முடியோடு அவன். அவள் நிமிர்ந்தாள். "வெளியே மழையா?" என்று கேட்டாள். அது நாடகம், கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் துண்டு வரவில்லை. அவள் துண்டை மடித்து, மேசை மேல் வைத்து, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். நீட்டிய கையோடு நின்றான் அவன். வழக்கமாக வருகிறவர்களுக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. அரங்கமே குனிந்துகொண்டது.

முடிந்ததும் படியேறி வந்தவளை அவன் மறித்தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எப்ப? கொழுக்கட்டை தீர்ந்தப்புறமா?"

"டெலியா, இந்த நாடகம் மாதிரி நான் பார்த்ததே இல்ல. அதனாலதான் வேண்டாம்னேன். கடைசிக் கேள்விய நீங்க மூச்சாலதான் கேக்குறீங்க. இங்க கடைசி வரிசைல இருக்கறவனுக்கும் அது காது பக்கத்துல கேக்குது. அங்க அத்தன பெரிய இடத்துல மாடிக்குப் போய்ச் சேராது. கத்த வேண்டி வரும். கத்தினா செத்துடும்."

"என் குரல் எட்டாதுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? கேட்டுப் பார்த்தீங்களா? தெனமும் படியில எத்தன பேரு இடமில்லாம திரும்பிப் போறாங்க, பார்த்தீங்களா? எங்கம்மாவப் பத்திச் சொன்னப்பவும் சூப்பைக் கிண்டிட்டு உட்கார்ந்திருந்தீங்களே..."

மழையா, கண்ணீரா, அவள் கன்னத்தில் எது வழிந்ததென்று தெருவிளக்குக்கும் தெரியவில்லை.

"திங்கட்கிழம மெரிடியன்ல நாடகம் கிடையாது. கதவத் திறந்து வைங்க. மாடியில கடைசி வரிசையில போய் உட்காருங்க. கேக்கலன்னா நானே ஓட்டிஸ்கிட்ட வேண்டாம்னு சொல்றேன். அப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை. காலி அரங்கத்தின் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு நாற்காலிகள் வரிசை வரிசையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேடையில் ஒற்றை விளக்கு. ஒலிபெருக்கி என்ற ஒன்று வருவதற்கு முன்னால் கட்டிய கட்டிடம் அது. ஃபீலிக்ஸ் ஏறினான், இன்னும் ஏறினான், கூரையைத் தொடுகிற மாதிரி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அவ்வளவு தூரத்தில் டெலியா விரலளவுதான் தெரிந்தாள்.

'அவள் குரல் இங்கே கேட்கக் கூடாது' என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. ஏன் கேட்கக் கூடாது?

அவள் கத்தவில்லை. இல்லாத சட்டை ஒன்றை எடுத்தாள். இல்லாத கையை, இல்லாத நெஞ்சின் மேல் மடித்து வைத்தாள். மேடையில் கதவே இல்லை. ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்த திசையில் ஒரு கதவு இருந்தது... அது அவன் உட்கார்ந்திருந்த இடம்.

மூச்சு மட்டும்தான் விட்டாள்.

"வெளியே மழையா?"

அது படியேறி வரவில்லை. அவன் காதருகிலேயே பிறந்தது. அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பான், ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை. சொல்லக் கூடாதே. இப்போது தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

"இல்ல... நின்னுடுச்சு டெலியா. இப்பதான் நின்னுச்சு."

சிவப்பு நாற்காலிகள் அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் படிகளைத் தாவித் தாவி இறங்கி, மூச்சு வாங்க மேடைக்குக் கீழே வந்து நின்றான்.

"கேட்டுச்சா?" என்றாள், விரலிடுக்கு வழியாக.

"பதில் சொன்னேனே! தப்பு என்னோடது. இன்னிக்கே மிசஸ் ப்ளூம்ஃபீல்டப் பார்த்துச் சொல்லிடறேன், நாடகம் இங்க வரட்டும்னு. ஆனா... இன்னொண்ணும் சொல்லணும். நாடகத்துக்காகத்தான் வேண்டாம்னு சொல்றேன்னு நெசமாவே நம்பிட்டிருந்தேன். மேல உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது. எனக்காகத்தான் வேண்டாம்னிருக்கேன்."

"அப்படின்னா?"

"இங்க கதவு மேடையில திறக்காதே. லேட்டா வந்தா பின்னாடியே நிக்க வச்சிடுவாங்க. அப்புறம் எனக்கு யாரு துண்டு தருவா? என்னப் பார்த்து யாரு கேப்பா?"

டெலியா மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். கால் தொங்கியது. ஆற்றின் மேலிருந்த அந்தக் கருமை கலைந்து, கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது.

"முட்டாள் அலமாரி. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு திறந்தப்ப, தம்பி வந்துட்டானான்னா நான் நிமிர்ந்து பார்த்தேன்? ஓட்டிஸுக்குத் தெரிஞ்சா என்னை வேலைய விட்டே தூக்கிடுவாரு... உன்னத்தான் தேடினேன்."

'உங்கள' எப்போது 'உன்ன' ஆனது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நாம் கவனித்தோம். அவன் கையை நீட்டினான். இந்தத் தடவை அது வெறுங்கையாகத் திரும்பவில்லை.

இலையுதிர் காலத்தில் நாடகம் மெரிடியனுக்கு வந்தது. முதல் வரிசையில் தள்ளுநாற்காலியில் டெலியாவின் அம்மா. டெலியா அலமாரியைத் திறக்கும் இடமெல்லாம் பக்கத்தில் இருப்பவரை இடித்து, "எம்பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியில் கடைசி வரிசையில் ஃபீலிக்ஸ், கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டோடு. கடைசிக் கேள்வி வந்தபோது அரங்கமே மூச்சை அடக்கியது. அவன் மட்டும் உதட்டசைவில் பதில் சொன்னான். அத்தனை தூரத்திலும் அவளுக்குக் கேட்டது.

சரி, எழுந்திருங்க கண்ணுங்களா, சாரல் நின்றுவிட்டது. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து நனைந்து வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரு உலர்ந்த துண்டு இருக்கட்டும். யாருக்காகக் காத்திருக்கிறீர்களோ அவர்கள் வந்து சேரட்டும். உங்கள் வீட்டில் யார் எவ்வளவு மெல்லக் கேட்டாலும், பதில் சொல்ல ஒரு குரல் இருக்கட்டும். நல்லா இருங்க.