விரித்து வைத்த படுக்கை

தெரிந்த பிள்ளை யதுஷாவின் வீட்டு வாசலில் அந்த மோட்டார்ஹோம் என்கிற வீட்டுவண்டி நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. கனடாவில், பிக்கரிங்கில் புதிதாக எழும்பிய தெரு அது. எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம், ஒரே புல்வெளி. நடுவில் மஞ்சள் படிந்த ஒரு கிழட்டு வண்டி, விலாவிலிருந்து ஓர் அறையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

இந்த அறையைத்தான் ஸ்லைட் என்கிறார்கள். வண்டி ஓடும்போது உள்ளே ஒடுங்கியிருக்கும். நிறுத்திவிட்டுச் சுவிட்சை அமத்தினால், கட்டில், சுவர், யன்னல் எல்லாவற்றோடும் வெளியே நீண்டு ஆட்கள் நடமாட இடம் தரும். யதுஷாவின் ஸ்லைட் உள்ளே போக மறுத்தது. ஒரு பக்கம் இழுபட, மறுபக்கம் அசையாமல் நின்றது. பனி கொட்டுவதற்குள் மூடாவிட்டால் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கி வண்டியே உக்கிப்போகும்.

என் கணவர் இரத்தினவேல் இப்படியான வண்டிகளைத் திருத்துகிறவர். அந்த வருடம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். பாரம் தூக்காதீர்கள் என்று வைத்தியர் சொன்னார். வேலையையே விடுங்கள் என்று நான் சொன்னேன். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு மனுசன் டூல் பெட்டியைத் தூக்கினார். அதனால்தான் நானும் கூடப் போகத் தொடங்கினேன். டோர்ச் பிடிப்பது, சுவிட்ச் அமத்துவது, பெட்டி காவுவது எல்லாம் என் வேலை.

எனக்கு மட்டும் பதினாறு வயதென்று நினைக்க வேண்டாம். முழங்கால் நோவு. இரவில் காலுக்குக் கீழே சின்னத் தலையணை ஒன்று வைக்காவிட்டால் நித்திரை வராது. அவருக்கோ வருத்தத்துக்குப் பிறகு மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு. எங்கள் கட்டிலைப் பார்த்தால் தலையணைக் கடை என்று நினைப்பீர்கள்.

வண்டிக்குள் ஏறினேன். விக்ஸ் மணமும் நனைந்த கம்பளியின் மணமும் சேர்ந்து அடித்தன. ஸ்லைட்டில் இருந்த கட்டிலில் விரிப்புக்கூட இல்லை, கறை படிந்த மெத்தை மட்டும் கிடந்தது.

அவர் வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தார். ஒரு மோட்டர்தான் இரண்டு பக்கத்தையும் இழுக்கிறது, நடுத்தண்டைப் பிணைக்கிற பின், அந்தச் சின்ன இரும்பு ஆணி, முறிந்துவிட்டது என்றார். புதுப் பின் போட்டார்.

"இப்ப அமத்தும்."

அமத்தினேன். அறை முனகிக்கொண்டு உள்ளே வந்தது. கட்டில் எதிர்ப்பக்க அலுமாரியை ஒட்டி நின்றபோது நடுவில் ஒரு பூனை படுக்கவும் இடமில்லை. பற்றரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுத்தோம். அவர் கடைசியாகப் படியில் நின்று, கதவு நிலையைத் தட்டி, "அப்ப வாறன்" என்றார்.

"உள்ள ஆர் இருக்கினம் எண்டு சொல்லுறியள்?"

"வாய்ப்பழக்கம், புனிதம். போகேக்க சொல்லத்தானே வேணும்."

டொக். டொக்.

மூடிய அறைக்குள்ளிருந்து வந்தது சத்தம். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டியது போல.

"குளிருக்கு இரும்பு சுருங்குது," என்றார் அவர்.

அடுத்த நாள் காலை யதுஷா போன் எடுத்தாள். "அன்ரி, ஸ்லைட் திரும்ப வெளியில வந்து நிக்குது. நாங்க டச் பண்ணவே இல்ல."

பற்றரி நாங்கள் கழற்றிய மாதிரியே கிடந்தது. அவர் தலையைச் சொறிந்தார். நான் கட்டிலைப் பார்த்தேன். மெத்தைமேல் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அதன் ஒரு மூலை, வந்து படுக்கிறவருக்கு வசதியாக, மடித்து விடப்பட்டிருந்தது.

தன்னுடையது இல்லை என்றாள் யதுஷா. அவள் கணவன் நிரூபன் வேலையால் வந்தபிறகு வண்டிப் பக்கமே போகவில்லையாம். என் கணவர் பற்றரியைப் பூட்டி, அறையை உள்ளே இழுத்து, ஒவ்வொரு வயரையும் தடவிப் பார்த்து, பற்றரியைத் திரும்பக் கழற்றி வெளியே புல்லில் வைக்க எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது மறுபடியும், "வாறன்."

டொக். டொக்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. சேர்ட்டிலிருந்து விக்ஸ் மணம் போகவேயில்லை. இரண்டு தரம் தோய்த்தேன். விடிய எழும்பி, யதுஷா போன் எடுக்க முன்னமே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நேரமாகுது. பார்த்துக்கொண்டு இருப்பார்."

"ஆர் பார்த்துக்கொண்டு இருப்பார்?"

அவர் யோசித்தார். "தெரியேல்லை," என்றார்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வழி முழுவதும் அவர் இடக்கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஸ்லைட் வெளியே நீண்டு நின்றது. அவரை வாசலில் நிறுத்திவிட்டு நான் முதலில் ஏறிப் பார்த்தேன்.

கட்டிலின் தலைமாட்டில் மூன்று தலையணைகள்.

ஒன்றின்மேல் ஒன்றாக, சரிவாக, அவர் சாய்கிற மாதிரியே.

நான் இறங்கி வந்து யதுஷாவின் கையைப் பிடித்தேன். "பிள்ளை, உண்மையைச் சொல்லு. உந்த வண்டி முந்தி ஆரிட்டை இருந்தது?"

அவள் உதட்டைக் கடித்தாள். "வடக்கால ஒரு ஃபாம்ல நிண்டது அன்ரி. ஒரு வயசான வெள்ளைக்காரர் தனிய இருந்தவர். மகன் வந்து பாத்திட்டு, திரும்பி வருவன் எண்டு சொல்லிட்டுப் போனவராம். வரவே இல்லையாம். மகன் வந்தாப் படுக்க இடம் வேணும் எண்டு அவர் அந்த ஸ்லைட்டை மூடவே விடமாட்டாராம். வின்டர்லயும் திறந்துதான்." குரல் தாழ்ந்தது. "அதுக்குள்ளதான் செத்தவர். வாங்கேக்கயே நிரூபனுக்குத் தெரியும். எனக்குப் பிறகுதான் சொன்னவர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செத்தவீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை. வந்தது போலவே பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். சின்ன வயதிலிருந்து எங்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் பிக்கரிங்கில் ஒரு வாசலில் நிற்கிற வண்டியைச் செத்தவீடு என்று யார் நினைப்பார்கள்? இந்த மனுசன் ஒவ்வொரு நாளும் அந்தப் படியில் நின்று வாறன், வாறன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வெள்ளைக்காரக் கிழவனுக்கு யாழ்ப்பாணத் தமிழ் எப்படி விளங்கியதோ எனக்குத் தெரியாது. வருகிறேன் என்று சொல்கிறவனை, காத்திருக்கிறவன் எந்தப் பாஷையிலும் அறிவான்போல.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் இல்லை.

வண்டிக்குள் ஓடினேன். அவர் கட்டிலில் இருந்தார். மேல் விளிம்பில் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஏறினாராம், மூச்சு வாங்கியதாம். கால்களைத் தொங்கவிட்டபடி மூன்று தலையணையிலும் சாய்ந்திருந்தார்.

"எழும்புங்கோ."

"கொஞ்சம் பொறும். நல்ல சுகமாக் கிடக்கு."

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ எண்டுறன்!"

அவர் கண்கள் மூடிக்கொண்டன.

தரை நடுங்கியது.

அறை உள்ளே வரத் தொடங்கியது. சுவிட்சை யாரும் தொடவில்லை. பற்றரி வெளியே புல்லில் கிடந்தது. மோட்டரின் சத்தம்கூட இல்லை. கட்டில், அவரையும் சுமந்துகொண்டு, மெல்ல மெல்ல எதிர் அலுமாரியை நோக்கி வந்தது. நடுவில் அவருடைய தொங்கும் கால்கள். கால்களுக்கு முன்னால் நான்.

கைகளைக் கொடுத்துத் தள்ளினேன். முழங்கால் மடங்கியது. அவர் தோளைப் பிடித்து இழுத்தேன், கல்லாகக் கனத்தார். விக்ஸ் மணம் மூக்கை அடைத்தது. தலையணைகளுக்குப் பின்னால் யாரோ நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

அலுமாரி என் முதுகில் முட்டியது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். போறன் என்று அவரே சொல்ல வேண்டும். உயிரோடிருக்கிற மனிதர் எவரும் படியிறங்கும்போது சொல்லாத சொல். நெஞ்சில் குழாயோடு கிடக்கிற என் மனுசனின் வாயால் அந்தச் சொல் வருவதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நானே கத்தினேன்.

"ஐயா! இவர் வரமாட்டார்! இவர் உங்கடை மகன் இல்லை! இவருக்கு வீடு இருக்கு, நான் இருக்கிறன். இவரைப் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ!" பிறகு விளங்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், "ஹி இஸ் நொட் கமிங்! ப்ளீஸ்!"

அறை நின்றது.

மழை இல்லாத அந்தப் பகலில் கூரைமேல் எதுவோ சொட்டுவது போலிருந்தது. பிறகு, வந்ததைவிட மெதுவாக, அறை வெளியே பின்வாங்கிப் போனது. அவர் இருமிக்கொண்டு கண் விழித்தார். யதுஷா ஓடிவந்து மறுபக்கம் பிடிக்க, அவரைப் படியால் இறக்கிப் புல்லில் இருத்தினோம்.

"எனக்கு என்ன நடந்தது?" என்றார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவரைத் திட்டித் தீர்த்தேன்.

டோர்ச் உள்ளே விழுந்து கிடந்தது. அதை எடுக்கத் திரும்ப ஏறினேன். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. மணம் கூட அடங்கிவிட்டது. தலையணைகள் மூன்றும் தரையில் சரிந்து கிடந்தன. கம்பளி கசங்கிக் கிடந்தது. வராத ஒருவனுக்காக விரித்து வைத்துக் களைத்துப்போன படுக்கை.

அந்தக் கிழவனை நினைக்கப் பாவமாக இருந்தது. கம்பளியை எடுத்து உதறி மடித்து வைத்தேன். டோர்ச்சை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். கதவைச் சாத்தும்போது மனம் இளகியிருந்தது. வாய் தன் பாட்டில் திறந்தது.

"அப்ப வாறன் ஐயா."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

டொக். டொக்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. காருக்குள் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு ஒன்றும் நடக்காது, நான் ஒரு தரம்தானே சொன்னேன் என்று என்னையே தேற்றினேன்.

விடியக் கண் விழித்தபோது என் போர்வையில் விக்ஸ் மணம் அடித்தது. போனில் யதுஷா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஸ்லைட் வெளியே நீண்டிருந்தது. கம்பளி சுருக்கமில்லாமல் விரித்து, மூலை மடித்திருந்தது. தலைமாட்டில் இந்தத் தடவை ஒரே ஒரு தலையணை.

படத்துக்குக் கீழே ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

"அன்ரி, கட்டில்ல கால் வைக்கிற பக்கம் ஒரு சின்னத் தலையணை கிடக்கு. அது உங்கடையோ?"