மரத்துக்குப் போட்ட கட்டு

வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் அவள் காதில் விழுந்த சேதி, மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும்.

அவள் அம்மாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. மர அறுவை ஆலையில் வேண்டாம் என்று ஒதுக்கும் பட்டைகளை அரைத்து, ஊறவைத்து, வடிகட்டி, அதில் என்னென்ன சத்து இருக்கிறது என்று பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓர் ஆப்பிளை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியைப் பட்டைச் சாற்றில் முக்கி எடுத்தார். மறுபாதியைச் சும்மா வைத்தார். ஒரு மணி நேரத்தில் சும்மா இருந்த பாதி கறுத்துவிட்டது. சாற்றில் நனைந்த பாதியோ அப்போதுதான் வெட்டியதைப் போல இருந்தது. வாயாடி இரண்டு பாதிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"வெயில், பூச்சி, பூஞ்சை எதுவும் தன்னை அழிச்சிடக் கூடாதுன்னு மரம் தனக்குத்தானே செஞ்சுக்கற மருந்து இது," என்றார் அம்மா. அது மனிதர்களுக்கும் உதவுமா என்று இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், சில பட்டைகளில் விஷம்கூட இருக்கும், வாயில் வைக்கவே கூடாது என்றும் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் வாயாடி, பட்டையில் மருந்து இருக்கிறது என்று அம்மா சொன்னதன் முதல் பாதியை முழங்கினாள். இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டாள்.

சாப்பாட்டு வேளையில் அவள் கை கழுவிவிட்டு வந்தபோது, திடல் ஓரத்து இளமரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளுக்கோர் அளவுகோலும் சாவியுமாகப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தார்கள். தண்டைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று ஈரமாக வழுக்கியது. அசையாமல் நிற்கிற மரத்துக்குள் இவ்வளவு நடக்கிறதா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே வெடுக்கென்று கையை எடுத்தாள். இலை செய்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும் என்று அம்மா சொல்லியிருந்தார். பட்டையை வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். மரம் செத்துப்போகும். எல்லாம் தன் வாயால் வந்தது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

"நான் பாதிதான் சொன்னேன். மீதியையும் கேளுங்க," என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னாள். உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து அவள் முழங்கைத் தோல் கிழிந்தபோது, தொங்கிய தோலை நர்ஸ் பழைய இடத்திலேயே ஒட்டிவைத்துக் கட்டினார். மரத்துக்கும் அப்படிச் செய்தால் என்ன? ஈரம் காய்வதற்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அவள் அதைச் சொன்னதும், சட்டைப் பையிலிருந்தும் சாப்பாட்டு டப்பாவிலிருந்தும் பட்டைகள் திரும்பி வந்தன. தலைகீழாகிவிடாமல் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்தினார்கள். ஆறு துண்டு பொருந்தியது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் காலியாக நின்றது.

"அது விளையாட்டு வாத்தியார்கிட்ட இருக்கு. முட்டி வலிக்குக் கஷாயம் போடப் போறாராம்," என்றான் ஒருவன்.

அவள் ஓடினாள். ஆசிரியர் அறையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பட்டை வாத்தியார் கையில் இருந்தது.

"சார், அது உங்க முட்டிக்கு நல்லதா கெட்டதான்னு எங்கம்மாவுக்கே இன்னும் தெரியாது. மரத்துக்கு அது வேணும்னு மட்டும் தெரியும்," என்றாள் மூச்சு வாங்க.

வாத்தியார் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தார். கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, நொண்டி நொண்டி அவளோடு நடந்தார்.

ஏழாவது துண்டும் பொருந்தியது. ஈரக் கைக்குட்டைகளை மேலே சுற்றினார்கள். ஆனால் இறுக்கிக் கட்ட எதுவும் இல்லை. வாத்தியார் கால்சட்டையை மடித்துவிட்டு, தன் முட்டியில் சுற்றியிருந்த நீளமான கட்டுத்துணியைக் கழற்றி நீட்டினார்.

இரண்டு மாதம் எல்லாரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். கட்டைப் பிரித்த அன்று எல்லாரும் மரத்தைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். இரண்டு துண்டுகள் காய்ந்து உதிர்ந்தன. மற்ற ஐந்தும் மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தன. உதிர்ந்த இடத்தின் ஓரங்களில் புதுப் பட்டை உதடு போலத் தடித்து, மெல்ல உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. மேலே கிளை நுனியில் தளிர் விட்டிருந்தது. வாயாடி அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். யாரும் சொல்லித் தராமல் இந்த மரத்துக்கு எப்படி இதெல்லாம் தெரிகிறது?

"மரத்துக்குச் சரியாயிடுச்சு. என் முட்டிக்கு என்னம்மா மருந்து?" என்று கேட்டார் வாத்தியார்.

வாயாடி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"முழுசாத் தெரிஞ்சதும் சொல்றேன், சார்."