நகல் எடுத்த குரல்

பதினாறாம் நிமிடத்தில் இரண்டாவது குரல் மூச்சு வாங்கியது. முதல் குரல் வாங்கவில்லை.

அக்கா பாட்டைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். வலது ஸ்பீக்கரில், கிதார்களின் இரைச்சலுக்கும் டிரம்ஸின் உருட்டலுக்கும் பின்னால், ஈரமான தொண்டை ஒன்று நிதானமாகக் காற்றை உள்ளே இழுத்தது. அப்படி இழுக்க அதற்கு வழியே இல்லை. ஏனென்றால் இரண்டாவது குரல் என்று ஒன்று கிடையாது.

டெத் மெட்டல் என்னும் முரட்டு ராக் இசையில் பாடகனின் உறுமலை இரண்டு தரம் பாடிப் பதிவுசெய்து ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுவார்கள். அப்போதுதான் மனிதக் குரலுக்கு மிருகத்தின் கனம் வரும். தம்பி ஒரு தரம்தான் பாடினான். பாடி முடித்துத் துடைத்த கைக்குட்டையில் ரத்தம். "இன்னொரு தடவை இப்படிக் கத்தினா அப்புறம் பேச்சே வராது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த முதல் ஆல்பம், அதில் இந்தக் கடைசிப் பாட்டு மட்டுமே பத்தொன்பது நிமிடம், நாளைக் காலை இசைத்தட்டு அச்சடிக்கப் போயாக வேண்டும். அக்கா அவனிடம் சொல்லாமல் அந்த ஒரே பதிவை நகல் எடுத்து, மயிரிழை நேரம் தள்ளி, அசலை இடது ஸ்பீக்கரிலும் நகலை வலதிலும் வைத்துவிட்டாள். ஒலிப்பதிவுக்காரர்கள் நடுவில் இது திருட்டுத்தனம். அவன் தொண்டை தப்பித்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வெளியே நல்ல பகல். உள்ளே ஜன்னல் கிடையாது. சுவரில் ஒட்டிய பஞ்சுப் பலகைகளின் தூசி வாசனையும், சூடேறிய மின்கம்பிகளின் வாசனையும், காலையில் வைத்து மறந்த காபியின் புளித்த நெடியும் அந்தச் சின்ன அறையில் போக இடமில்லாமல் நின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடும் அறை சோபாவில், தம்பி கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினான்.

போன் வந்தது. பாட்டை ஓடவிட்டபடியே சத்தத்தை மட்டும் குறைத்தாள். இசைக்குழுவின் டிரம்மர், எல்லோருக்கும் அவன் 'இடி'. காலையில் அவள் அனுப்பிய பாட்டைக் கேட்டிருக்கிறான்.

"அக்கா, ரெண்டாவது தடவை எப்போ பாடினான்? மிரட்டிட்டான் போங்க!"

"நேத்து" என்று பொய் சொன்னாள்.

"கடைசில மெதுவா ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் எண்ணுறானே, அங்க எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. அம்மா கேட்டாங்களா?"

"அம்மாவா? தொண்டையில முள்ளு மாட்டின பன்னின்னு சொல்லுவாங்க."

இடி சிரித்துக்கொண்டே வைத்தான். யாரும் எதையும் எண்ணிப் பதிவு செய்யவில்லை.

சத்தத்தை ஏற்றினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. தம்பியின் குரல்தான். ஆனால் கீறல் இல்லை, கரகரப்பு இல்லை. நோய் வராத தொண்டை.

திரையைப் பார்த்தாள். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய அவனுடைய அசல் பதிவின் கோடு, பாட்டு இதுவரை ஓடிய இடம்வரை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கீழே நகலின் கோடு தடித்திருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று.

நிறுத்தினாள்.

அமைதி. அப்போதுதான் போர்வையைக் கவனித்தாள். அது ஏறவில்லை. இறங்கவில்லை.

"தம்பி!"

எழுந்த வேகத்தில் முழங்கை விசைப்பலகையில் இடித்தது. பாட்டு ஓடியது. வலது ஸ்பீக்கர் மூச்சு வாங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் போர்வை உயர்ந்தது.

நிறுத்தினாள். போர்வை அடங்கியது. அவன் உதடு நீலமாயிற்று.

ஓட்டினாள். உயர்ந்தது.

ஐயோ. பாட்டு முடிய இன்னும் ஐம்பது நொடி. நாற்பது. ஒரே ஒரு மூச்சு இருக்கும் இடத்தைப் பிடித்தாள். ஏழு நொடி. அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி பூட்டினாள்.

உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே.

உயிரோடு இருக்கிறான். அது போதும். அழுதாள்.

தம்பி கண் திறந்தான். எழுந்து உட்காரவில்லை. வாய் அசையவில்லை. தலை மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

இடது ஸ்பீக்கரில், கோடு படுத்துவிட்ட அந்த அசல் பதிவிலிருந்து, கிழிந்த தொண்டை ஒன்று பேசியது.

"அக்கா... வலிக்குது. நிறுத்து."

வலது ஸ்பீக்கர் அவனுடைய நல்ல குரலில் சொன்னது: "நிறுத்தாதே அக்கா. இன்னொரு தடவை."

அவள் விரல் நிறுத்தும் பட்டன் மேல் இருந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தம்பி அவளையே பார்த்தபடி, கண்ணில் நீர் வழிய, ஏழு நொடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.