சத்தமில்லாத குதிப்பு

பல்கலைக்கழகத்தில் வாலுவுக்கு ஒரு வேலை இருந்தது. அவளுக்கு வயது ஒன்பதுதான். சம்பளமும் கிடையாது. ஆனாலும் வேலை வேலைதானே.

அவளுடைய அக்கா அங்கே உடற்பயிற்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சனிக்கிழமைகளில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் அக்கா எங்கே போனாலும் வாலுவும் கூடவே போவாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது இதனாலா, குறும்பினாலா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

எட்டு வாரம் குதித்துப் பழகினால் மாணவர்கள் முன்பைவிட உயரமாகக் குதிப்பார்களா? இதுதான் அக்காவின் ஆராய்ச்சி. முதல் நாளே எல்லோரையும் குதிக்க வைத்து அளந்துவிட்டாள். இன்று மறுபடியும் அளக்கும் நாள்.

மாணவர்களின் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் வெள்ளை வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது வாலுவின் வேலை. பக்கத்தில் ஒரு கேமரா அதையெல்லாம் படம் பிடிக்கும். மாணவர்கள் ஒரு கறுப்புப் பாயின் மேல் நின்று குதிப்பார்கள். எவ்வளவு உயரம் என்று கணினித் திரையில் உடனே எண் வந்துவிடும்.

"பாய்க்குக் கண்ணே இல்லையே, எப்படிக்கா அளக்குது?" என்று வாலு ஒருநாள் கேட்டாள்.

"பாதம் எப்போ மேல போச்சு, எப்போ திரும்பி வந்துச்சுன்னு மட்டும் அதுக்குத் தெரியும். ரொம்ப நேரம் கழிச்சு வந்தா, ரொம்ப உயரம் போயிருக்கணும். அவ்வளவுதான் கணக்கு."

கடைசியாக உள்ளே வந்தவர் பஞ்சு அண்ணன். நல்ல பருமனான உடம்பு, மெல்லிய குரல். முதல் நாள் அவர் குதித்து இறங்கியபோது கொஞ்சம்கூடச் சத்தம் வரவில்லை. அன்றே வாலு அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்துவிட்டாள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று.

எட்டு வாரமும் ஒருநாள் தவறாமல் பயிற்சிக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். மழை பெய்த நாளில்கூடக் குடையோடு வந்து மைதானத்தில் தனியாக நின்றிருந்தார்.

"இன்னிக்குப் பிச்சு உதறணும் அண்ணா," என்றாள் வாலு, அவருடைய முழங்காலில் ஸ்டிக்கரை அழுத்தியபடி.

"பார்க்கலாம் பாப்பா," என்று சிரித்தார் அவர்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு குதித்தார். தொம்மென்று இறங்கினார். மேசை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

அக்கா திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "இன்னொரு தடவை குதிங்க."

அவர் இன்னொரு தடவை குதித்தார். மூன்றாவது தடவையும் குதித்தார். வந்த எண் இருபத்தெட்டு சென்டிமீட்டர். முதல் நாள் வந்தது முப்பத்தொன்று.

அண்ணனின் முகம் வாடிப் போனதைப் பார்க்க வாலுவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"பாய்ல ஏதாவது கோளாறா இருக்கும். நான் பார்க்கிறேன்," என்றாள் அக்கா.

"வேண்டாம் மேடம். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னு சொன்ன மாதிரி ஆயிடும். என் உடம்பு இவ்வளவுதான். பள்ளிக்கூடத்துலயும் எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. சரி, இங்கேயாவது மாறும்னு நினைச்சேன்." அவர் குனிந்து ஸ்டிக்கர்களை உரிக்கத் தொடங்கினார். "என்னை இதுல சேர்க்காதீங்க. இனிமே நான் குதிக்கிறதா இல்ல."

மழையில் குடையோடு நின்றவர் எப்படிக் குறைந்து போவார்? அது நியாயமே இல்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம். அதை உரிக்காதீங்க," என்றாள். "அன்னிக்கு நீங்க இறங்கினப்போ சத்தமே வரல. இன்னிக்கு மட்டும் ஏன் தொம்முனு வந்துச்சு?"

"வாலு, சும்மா இரு," என்றாள் அக்கா.

"இருக்கட்டும் மேடம்," என்றார் அண்ணன். "சின்ன வயசுல நாங்க மாடி வீட்டுல இருந்தோம். நான் குதிச்சா கீழ் வீட்டுக்காரர் கரண்டியால கூரையைத் தட்டுவார். அதனால தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே காலை மடக்கி, பூனை மாதிரி இறங்கப் பழகிட்டேன். மைதானத்துல பழகப் பழக அது மறந்து போச்சு. அங்கே கீழ் வீடு இல்லையே."

காலை மடக்கினால்? வாலு தன் கால்களைப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாயின் மேல் ஏறி நின்றாள்.

"அதுல ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றாள் அக்கா.

வாலு காதில் வாங்கவில்லை. ஒருமுறை கால்களை நீட்டியபடி இறங்கினாள். அடுத்த முறை, இறங்கும்போது முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொண்டாள். இரண்டாவது எண் பெரிதாக வந்தது.

"அக்கா, நான் ரெண்டு தடவையும் ஒரே உயரம்தான் குதிச்சேன். காலை மடக்கினதால பாதம் லேட்டா வந்துச்சு. பாய்க்குப் பாதம் மட்டும்தானே தெரியும். அன்னிக்கு அண்ணனைப் பத்தி அது தப்பாச் சொல்லிடுச்சு."

அக்கா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாய் தப்புச் சொல்லல. தப்பு என்னோடது," என்றாள் மெதுவாக. "காலை நீட்டி இறங்கணும்னு எல்லாருக்கும் சொல்லணும். அன்னிக்கு வராண்டா வரைக்கும் வரிசை நின்னுச்சு. அவசரத்துல நான் சொல்லாம விட்டிருக்கேன். ஆளையும் பார்க்கல. எண்ணை மட்டுமே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"அப்போ நிஜமா எவ்வளவு குதிச்சேன்னு இனிமே தெரியாதா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஏன் தெரியாது? ஸ்டிக்கர் இருக்கே," என்றாள் வாலு. "காலை மடக்கலாம். இடுப்பை மடக்கி ஏமாத்த முடியுமா?"

அக்கா எழுந்து முதல் நாள் எடுத்த படத்தைத் திரையில் போட்டாள். நத்தை வேகத்தில் ஓட விட்டாள். படத்தில் பஞ்சு அண்ணன் மேலே போனார். இறங்கும்போது முழங்கால்கள் மடிந்தன. பின்னால் சுவரில் அளவுக்கோடுகள் இருந்தன. இடுப்பிலிருந்த வெள்ளை வட்டம் எவ்வளவு ஏறியது என்று அக்கா எண்ணிப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு."

அடுத்து, இன்று எடுத்த படத்தை ஓட விட்டாள். "இருபத்தெட்டு. பாய் சொன்னதும் இதேதான்."

அண்ணன் விரல்களை விரித்து ஆறு சென்டிமீட்டர் எவ்வளவு என்று காற்றில் அளந்து பார்த்தார். அந்த இடைவெளியை அவர் வெகுநேரம் கலைக்கவே இல்லை.

"இது நிஜமாவே என்னோடதா?" என்றார்.

"முழுசா உங்களோடதுதான்," என்றாள் அக்கா. "இதுவரைக்கும் வந்தவங்கள்ல யாரும் இவ்வளவு ஏறல."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையை மட்டும்தான் துடைத்தார் என்று சொன்னால் வாலு நம்ப மாட்டாள்.

அவர் போன பிறகு அக்கா மற்ற மாணவர்களின் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றையும் மறுபடியும் அளக்க வேண்டும். அது ஒரு வாரத்து வேலை.

"பேராசிரியர் திட்டுவாங்களாக்கா?"

"திட்டுவாங்க. நானே போய்ச் சொல்லிட்டுத் திட்டு வாங்கிக்கிறேன்." அக்கா வாலுவை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் நீ எனக்குக் கோடு எண்ணிக் கொடு."

அடுத்த சனிக்கிழமை பரிசோதனை எதுவும் இல்லை. அளக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். அக்காவும் வாலுவும் மைதானத்தின் ஓரமாக நடந்து வந்தார்கள்.

மைதானத்தில் பஞ்சு அண்ணன் குதித்துக்கொண்டிருந்தார். ஓரத்து மரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

வாலு அவரிடம் ஓடினாள். "பரிசோதனைதான் முடிஞ்சு போச்சே. இன்னும் எதுக்குண்ணா வர்றீங்க?"

"அது உங்க அக்காவோட பரிசோதனை பாப்பா," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "என்னோடது இப்போதான் ஆரம்பம்."

வாலு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். 'நீயும் குதி' என்று அக்கா தலையாட்டினாள். மறு நிமிடம் வாலுவும் அவருக்குப் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்.