ஜாஸ்பருக்கு மனைவி இல்லை!

மில் சக்கரம் நின்றுவிட்டது.

தண்ணீர் ஓடுகிறது. சக்கரம் மட்டும் சுற்றவில்லை!

மில்காரி உர்சுலா மதகருகே போய் எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ... ஆண்டவரே!"

டெவன் மாகாணத்து வெதர்கோம்ப் கிராமம் மொத்தமும் அந்த அலறலில் எழுந்தது. 1634, நவம்பர் மாதக் காலை. கான்ஸ்டபிள் டக்கெட் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். எழுபது வயது. எழுதப் படிக்கத் தெரியாது. எவனையும் நம்பமாட்டார்.

சக்கரப் பலகைகளுக்கு நடுவில் ஒரு மனிதன் சிக்கியிருந்தான்.

ஜாஸ்பர்! விதவை தாமசின் ஹேலட்டின் பண்ணையில் மாடு பார்ப்பவன்.

பின்மண்டை பிளந்திருந்தது.

"பாசியில வழுக்கிட்டான் போல..." என்றான் ஒருவன்.

"ஆமாமா. கல்லு எழுந்து வந்து பின்னாலயிருந்து அடிச்சிருக்கும். போடா அங்கிட்டு!" என்றார் டக்கெட்.

உர்சுலா டக்கெட்டின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"பெரியவரே... நேத்து சாயங்காலம் பார்னபி ஒரு தடியோட இவன் பின்னாலயே போனான். என் கண்ணால பார்த்தேன். திரும்பி வரும்போது தடி மட்டும்தான் கூட வந்துச்சு!"

பார்னபி. தாமசினுடைய செத்துப்போன புருஷனின் மூத்த தாரத்து மகன்.

மறுநாள் மரண விசாரணை. ஜூரியில் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் தினமும் பார்னபியோடு உட்கார்ந்து பீர் குடிக்கிறவர்கள்!

உர்சுலா வாயைத் திறந்தாள்.

"பொம்பளைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. உட்காரும்மா," என்றார்கள்.

தீர்ப்பு... விபத்து!

டக்கெட் காறித் துப்பிவிட்டு பீர்க்கடைக்குப் போனார். பார்னபி குவளையும் கையுமாக இருந்தான்.

"வா கிழவா. மூஞ்சி ஏன் புளிச்சுப்போய் இருக்கு?"

"எதுக்குடா அவனை அடிச்ச?"

"நானா? ஜூரி சொன்னது காதுல விழலயா?" பார்னபி குரலைத் தாழ்த்தினான். "நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? எங்கப்பன் செத்ததும் பண்ணை சித்தி கைக்குப் போச்சு. அவ விதவையா இருக்கற வரைக்கும் அவளுக்கு. இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டா அன்னைக்கே எனக்கு! அந்த மாட்டுக்காரனைக் கட்டிக்கிட்டாளான்னு அவன்கிட்ட மரியாதையாத்தான் கேட்டேன். பதில் சொல்லல... வழுக்கி விழுந்துட்டான்."

"அடப்பாவி!"

"அடுத்த வாரம், ஊர் நிலமெல்லாம் வெச்சிருக்கற பிரபுவோட கோர்ட்டுல சித்தியையே கேக்கப் போறேன். ஆமான்னா பண்ணை எனக்கு. இல்லைன்னா... அவன் எவனோ ஒரு வேலைக்காரன். அவனுக்காகக் கேக்க நாதியில்ல. ரெண்டுலயும் எனக்கு லாபம்!"

டக்கெட் மனதில் வேறொன்று ஓடியது.

பிணத்தைக் குளிப்பாட்டியபோது தாமசின் அழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, சட்டைக் கழுத்தின் கயிற்றை மட்டும் அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள். வலது பக்கம் தள்ளி... அவன் எப்போதும் கட்டுகிற மாதிரி.

வேலைக்காரன் கயிறு கட்டுவதை எஜமானி எங்கே பார்த்தாள்?

போன வருஷம் செப்டம்பர் ஆட்டுச்சந்தைக்கு இரண்டு பேரும் போய், இரண்டு நாள் கழித்துத் திரும்பியது ஞாபகம் வந்தது. டக்கெட் குதிரை கேட்டு வாங்கினார். சந்தைக்குப் போகிற வழியில் மூன்று தேவாலயங்கள். முதல் இரண்டின் கல்யாணப் பதிவேட்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், மூக்கு சிவந்த ஒரு பாதிரியார்.

"கோயில்ல முன்கூட்டி அறிவிப்பு இல்லாம, அவசரக் கல்யாணம் பண்ணி வைப்பீங்களாமே?"

"யார் சொன்னது? அபாண்டம்!"

"சும்மா படிங்க சாமி. நான் பிஷப் ஆளு இல்ல."

பாதிரியார் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். நின்றார்.

"ஜாஸ்பர் கோல்... தாமசின் ஹேலட், விதவை."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். டக்கெட் வெளியே போய், கல்லறை வெட்டிக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து அவனையும் படிக்கச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் நம்பினார்! நகல் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டார்.

தாமசின் பாலாடைக்கட்டி அறையில் இருந்தாள். காகிதத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"இது ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தாம்மா. அடுப்பு அதோ எரியுது. நீ உள்ள போட்டா நான் தடுக்கமாட்டேன். பண்ணை உனக்கு. பதினோரு மாடு உனக்கு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பதினாலு மாசம் பெரியவரே. ஒருநாள்கூட பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டதில்ல. அவன் வேலைக்காரங்க பெஞ்சியில. நான் மேஜைத் தலைமாட்டுல. சூப் ஊத்தும்போது 'போதும் எஜமானி'ன்னுவான். அதுல ஒரு சிரிப்பு இருக்கும்... எனக்கு மட்டும் தெரியற மாதிரி."

"ம்..."

"சவப்பெட்டிக்குப் பின்னால நாலாவது ஆளா நடந்தேன். வேலைக்காரன் செத்தா எஜமானி எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழுதேன். அளந்து அழுதேன்!"

டக்கெட் தொப்பியைக் கழற்றினார். குனிந்து அவள் காதருகே ஏதோ சொன்னார்.

தாமசின் நிமிர்ந்தாள்.

"நிஜமாவா?"

"சின்ன வயசுல எக்ஸெட்டர் கோர்ட்டுல நானே பார்த்திருக்கேன். ஆனா உனக்கு எதுவும் மிஞ்சாது. முடிவு உன்னுது."

கோர்ட் நாள். பிரபுவின் காரியஸ்தர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். ஊரே கூடியிருந்தது.

பார்னபி எழுந்தான்.

"எங்க சித்தி மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்களான்னு கேளுங்க ஐயா!"

"தாமசின் ஹேலட்... என்ன சொல்றே?"

தாமசின் எழுந்தாள்.

"ஹேலட் இல்லீங்க. தாமசின் கோல். ஜாஸ்பர் என் புருஷன்."

காகிதத்தை நீட்டினாள். காரியஸ்தர் படித்தார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"அப்படியானா பண்ணை பார்னபிக்கு!"

பார்னபி விழுந்து விழுந்து சிரித்தான். "சாவி எங்க சித்தி?"

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"நான் அவன் பொண்டாட்டின்னு எழுதியாச்சா ஐயா?"

"எழுதியாச்சு."

"அப்ப இதையும் எழுதுங்க. என் புருஷனைக் கொன்னது பார்னபி. நான் வழக்குப் போடறேன்!"

பார்னபியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன வழக்கு? அதான் விபத்துன்னு தீர்ப்பாச்சே!"

"அது ராஜா பேர்ல நடந்தது," என்றார் டக்கெட். "செத்தவனோட பொண்டாட்டி தனியா வழக்குப் போடலாம்டா. அவ மட்டும்தான் போட முடியும். ஜில்லாக் கோர்ட்டுல வேற ஜூரி. உன்கூட பீர் குடிச்ச ஒருத்தன் இருக்கமாட்டான்! உர்சுலா பேசுவா. நீ என்கிட்ட உளறினதை நான் பேசுவேன். இதுல தூக்குன்னா, ராஜாவே நினைச்சாலும் மன்னிப்புக் கிடையாது!"

காரியஸ்தர் தாமசினைப் பார்த்தார்.

"யோசிச்சுப் பாரும்மா. இவன் தூக்குல தொங்கினா, கொலைகாரன் சொத்துன்னு பண்ணை பிரபுவுக்குப் போயிடும். உனக்கு ஒரு கோழிமுட்டைகூட வராது."

"தெரியுங்க. ஜாஸ்பர் பக்கத்துல ஆறடி மண்ணு போதும். அதைப் பொண்டாட்டிக்குக் குடுப்பாங்கல்ல?"

இப்போதுதான் அழுதாள். அளக்காமல் அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

இரண்டு பேர் பார்னபியின் கைகளைப் பிடித்தார்கள். சாவிக்கொத்து கலகலத்தது.

"பண்ணை என்னுது! என்னுது!" என்று கத்தினான்.

"உன்னுதுதான் தம்பி, யார் இல்லைன்னா?" என்றார் டக்கெட். "ஆனா அந்தச் சாவியை இங்கயே வெச்சுட்டு வா. எக்ஸெட்டர் ஜெயில்ல... கதவை அவங்களே பூட்டிக்குவாங்க!"